ஏழு வயதுக்குப் புரியும்படி

ஜூன் 9

அன்புத் தங்கைக்கு,

நான் சௌக்கியம். இடுப்பு மட்டும் என்னோடு சேராமல் தனியாக நடந்துகொள்கிறது. நீ, மாப்பிள்ளை, உன் மகள் நம் ரேடியோ மூவரும் எப்படி இருக்கிறீர்கள்? நான்கு முறை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. நீ வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையில் கூட்டம் என்று வைத்துக்கொள்கிறேன். போன் என்றால் எடுக்காமல் விடலாம். கடிதம் கதவடியில் வந்து விழுந்துவிடும், பார்த்துக்கொள்.

விஷயம் இதுதான். எங்கள் பதிப்பகத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலச் சொல் புத்தகம் போடுகிறோம். ஆயிரம் ஆங்கிலச் சொற்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே தமிழில் ஒரே வரியில் பொருள். அந்த வரி பத்துச் சொல்லுக்கு மேல் போகக் கூடாது. ஏழு வயதுக்குப் புரிய வேண்டும். எங்கள் ஆசிரியருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் கத்திரி சார். எதை நீட்டினாலும் பாதியாக நறுக்கித்தான் திருப்பித் தருவார். போன வருஷம் மாதிரிப் பிரதியைப் பள்ளிகளுக்கு அனுப்பினோம். "பெரியவர்களுக்கே புரியவில்லை" என்று எழுதித் திருப்பிவிட்டார்கள். நியாயம்தான். 'பாரோ' என்ற சொல்லுக்கு நான் எழுதியிருந்தது: "திருப்பித் தரும் நோக்கத்துடன் பிறர் பொருளைத் தற்காலிகமாகப் பெறுதல்." படித்தபோது எனக்கே கொட்டாவி வந்தது. இந்தத் தடவையும் திரும்பி வந்தால் எங்கள் பிரிவையே மூடிவிடுவார்கள்.

அதனால் எனக்கு ஒரு ஏழு வயது வேண்டும். நம் வீட்டிலேயே ஒன்று ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும்போது வெளியே எதற்குத் தேட வேண்டும்? இத்துடன் பத்துச் சொற்கள் வைத்திருக்கிறேன். சாப்பிட உட்காரும்போது ஒவ்வொன்றாகக் கேள். அவள் என்ன சொல்கிறாளோ அதை அப்படியே எழுது, திருத்தாதே. உனக்குப் பள்ளிக்கூடத்திலேயே என் நோட்டைத் திருத்தும் பழக்கம் உண்டு.

எல்லோருக்கும் என் அன்பு. மாப்பிள்ளை மாற்றலாகிப் போன ஊரிலிருந்து வாராவாரம் வருகிறாரா?

அக்கா

ஜூன் 30

அக்கா,

கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். அவரும் நலம். உன் இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

கேட்ட சொற்களில் ஆறுக்கு விடை இருக்கிறது. மற்றதற்கு அவளுக்குச் சொல்ல வரவில்லை.

எம்ப்டி: டப்பாவக் குலுக்கினா சத்தமே வராது.
பாரோ: பென்சில் வாங்கிட்டு, அது என்னோடதில்லன்னு ஞாபகம் வெச்சுக்கிறது.
ஷேர்: ரெண்டா பிச்சுட்டு, எது பெருசுன்னு பாக்காம குடுக்கிறது.
ஹைட்: நான் கண்ண மூடிக்கிட்டா போதும், யாருக்கும் தெரியமாட்டேன்.
ஹெவி: அம்மா தூக்கினா "அப்பாடி"ன்னு சொல்ற சாமான்.
வெட்: சாக்ஸுக்குள்ள தண்ணி.

தாமதமானதற்கு மன்னித்துக்கொள்.

தங்கை

ஜூலை 7

என் தங்கமே,

உன் கடிதத்தை அலுவலகத்தில் சத்தமாகப் படித்தேன். ஓவியம் போடும் பெண் சிரித்த சிரிப்பில் மைக்கூடு கவிழ்ந்துவிட்டது. கத்திரி சார் மூன்று முறை படித்துவிட்டுக் கத்திரியைக் கீழே வைத்தார். இங்கே இருபது வருஷமாக இருக்கிறேன், ஒரு வரியில்கூட அவர் கை வைக்காமல் விட்டு நான் பார்த்ததில்லை. "பாப்பாவ விட்றாதீங்க" என்றார். புத்தகத்தின் முதல் பக்கத்தில் அவளுக்கு நன்றி சொல்லி அச்சிடப் போகிறாராம்.

அடுத்த பட்டியல் இருபது சொற்கள். இந்தத் தடவை அவள் கையாலேயே எழுதச் சொல்லேன். எழுத்து எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க ஆசை. ஒரு புகைப்படமும் அனுப்பு. போன வருஷம் பார்த்தது, முன்பல் ஆடிக்கொண்டிருந்தது. விழுந்ததா?

போன் ஏன் எடுப்பதில்லை?

அக்கா

ஜூலை 12

அக்கா,

நலம். அவளுக்கு விரலில் அடி, அதனால் நானே எழுதுகிறேன். இருபதுக்கும் விடை இருக்கிறது, தனித் தாளில். சில இங்கே:

ப்ரேவ்: ஊசி போடும்போது ஊசியையே பாக்கிறது.
லேட்: எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்க, வாட்ச்மேன் மட்டும் இருக்கார்.
க்வைட்: யாரும் பேசல, ஃபேன் மட்டும் பேசுது.

இந்த வேலை நன்றாக இருக்கிறது. பட்டியல் தீர்ந்துவிட்டது. இன்னும் அனுப்பு. எவ்வளவு வேண்டுமானாலும் அனுப்பு.

தங்கை

ஆகஸ்ட் 2

அன்புத் தங்கைக்கு,

சுகமாக இருக்கிறாயா? விரல் ஆறிவிட்டதா? ஐந்தே நாளில் பதில் வந்ததைப் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை. உன்னிடமிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகைகூட அவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை. அந்த வாட்ச்மேனை எல்லோருக்கும் பிடித்துவிட்டது. ஓவியப் பெண் அவருக்கு மீசை வைத்து வரைந்திருக்கிறாள். நம் ரேடியோ வாட்ச்மேனோடும் சிநேகமா?

இப்போது ஒரு சிக்கலான சொல்லுக்கு வந்திருக்கிறோம். 'லீவ்'. நம் பிள்ளைகளைக் கேட்டால் எல்லோரும் "ஸ்கூல் இல்லாத நாள்" என்பார்கள். ஆனால் புத்தகத்தில் வேண்டியது இன்னொரு பொருள், ஒரு இடத்தைவிட்டுக் கிளம்பிப் போவது. நான் எழுதிய பதினோரு வரியையும் கத்திரி சார் வெட்டிவிட்டார். அவளிடம் கேட்டுச் சொல். அது இல்லாமல் அந்தப் பக்கம் அச்சுக்குப் போகாது. கூடவே நாற்பது சொற்கள் வைத்திருக்கிறேன்.

அவளுக்கு ஒரு கவுனும் ஷூவும் வாங்கலாம் என்றிருக்கிறேன், உழைத்த பிள்ளைக்குச் சும்மா நன்றி மட்டும் சொன்னால் எப்படி? கால் அளவை அனுப்பு. ஒரு தாளில் காலை வைத்துக் கோடு போட்டு அனுப்பினாலும் சரி.

அக்கா

ஆகஸ்ட் 25

தங்கைக்கு,

பதில் இல்லை. எல்லோரும் நலம்தானே? சொற்கள் மெதுவாக வரட்டும். ஒரு வரி மட்டும் எழுதிப் போடு.

அக்கா

செப்டம்பர் 13

அக்கா,

நலம்.

லீவ்: போறவங்க பைய எடுத்துக்குவாங்க. இருக்கிறவங்க கதவச் சாத்துவாங்க.

மற்ற நாற்பதும் செய்யவில்லை. கால் அளவு பழைய அளவேதான்.

தங்கை

செப்டம்பர் 19

என் தங்கைக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். எப்படி இருக்கிறாய் என்று இந்தத் தடவை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை. எப்படி இருக்கிறாய்?

'லீவ்' வரியைக் கத்திரி சாரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "பாப்பாவுக்கு என்ன வயசு?" என்றார்.

"ஏழு சார்."

"இத எழுதினவங்களுக்கு ஏழு இல்லம்மா," என்று சொல்லிவிட்டு, தாளை மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். 

வீட்டுக்கு வந்து உன் கடிதங்களை எல்லாம் வரிசையாக வைத்துப் படித்தேன். ஒரு வருஷமாகக் கால் வளராத பிள்ளை எங்கேயாவது உண்டா? பல் விழுந்ததா என்று கேட்டேன், பதில் இல்லை. அவள் அடித்த லூட்டி ஒன்றுகூட இல்லை. சொற்களுக்கு மட்டும் வாயைத் திறக்கிறாள், மற்றபடி உன் கடிதத்தில் அவள் இல்லவே இல்லை.

பிறகு கண்ணாடிக் கடைக்குப் போன் செய்தேன். அங்கிருந்த பெண், "அந்த அக்கா ஏப்ரல்லயே நின்னுட்டாங்களே, உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். தெரியும், மறந்துவிட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

உன்னைத் திட்டுவதற்கு எழுதவில்லை. எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும், குழந்தை எங்கே? இரண்டு வாரம் பார்ப்பேன். பதில் வராவிட்டால் அடுத்த பஸ்ஸில் நான் அங்கே நிற்பேன், இடுப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

அக்கா

செப்டம்பர் 30

அக்கா,

குழந்தை அவள் அப்பாவிடம் இருக்கிறாள். நன்றாக இருக்கிறாள். முதலில் அதைப் படித்துவிட்டு உட்கார்.

எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. அவர்மேல் தப்பும் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

ஜனவரியில் அவர் மாற்றலாகிப் போன பிறகு எனக்கு என்னவோ ஆயிற்று. என்ன என்று கேட்காதே, தெரியவில்லை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. எழுந்து நிற்பதே ஒரு வேலையாக இருந்தது. கடையில் ஒரு பெரியவருக்குக் கண்ணாடி மாட்டிவிட்டு, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் அவர் காதைப் பிடித்தபடியே நின்றிருக்கிறேன். அவர் பாவம், "ஆச்சாம்மா?" என்றார்.

மார்ச்சில் ஒரு நாள் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வரக் கிளம்பினேன். ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். இன்னொரு செருப்பு காலடியில்தான் இருந்தது. மணி மூன்றரை, நாலு, நாலரை ஆனதை எல்லாம் பார்த்தேன். மறந்துவிட்டேன் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். மறக்கவில்லை அக்கா. அவள் அங்கே நிற்கிறாள் என்று நன்றாகத் தெரியும். கை நீளவில்லை.

ஐந்தே முக்காலுக்கு வாட்ச்மேன் அவளைக் கூட்டிக்கொண்டு வந்து கதவைத் தட்டினார். நீங்கள் மீசை வைத்து வரைந்த அதே மனிதர். அவருக்கு மீசை கிடையாது.

செய்தி கேட்டு அவள் அப்பா வந்தார். "ரெண்டு பேரும் என்னோட வந்துடுங்க" என்றார். நான், "அவள மட்டும் கூட்டிட்டுப் போங்க" என்றேன். அங்கே பக்கத்துத் தெருவில் நாத்தனார் இருக்கிறாள், பள்ளி முடிந்ததும் பார்த்துக்கொள்வாள். என்னிடம் இருந்தால் இன்னொரு நாள் எந்த வாட்ச்மேன் வருவார்? "அக்காகிட்ட நானே சொல்லிக்கிறேன், நீங்க சொல்லாதீங்க" என்று அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

அவள் பையைத் தூக்கிக்கொண்டு, "நான் ஏன் போறேன்?" என்று கேட்டாள்.

"உனக்கு லீவும்மா."

"எத்தன நாள் லீவு?"

நான் கதவைச் சாத்திவிட்டேன். அதனால்தான் நீ அந்தச் சொல்லைக் கேட்டபோது பதில் எழுத ஆறு வாரம் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமைகளில் போன் அடிக்கும். எடுத்தால் அவள் குரல் வரும். அதற்கு நான் என்ன பேசுவது? அதனால் யார் போனையும் எடுப்பதில்லை, உன்னுடையதையும் சேர்த்து.

உன் முதல் பட்டியல் வந்தபோது அதையும் மூலையில்தான் போட்டேன். மூன்றாவது வாரம் எடுத்துப் பார்த்தேன். மேஜையில் அவள் இடத்தில் உட்கார்ந்து, "எம்ப்டின்னா என்ன?" என்று சத்தமாகக் கேட்டேன். என் வாயிலிருந்து அவள் மாதிரியே பதில் வந்தது. அன்றைக்குத்தான் பல நாளுக்கப்புறம் தலை வாரினேன். இருபது சொல் அனுப்பினாய், அது ஐந்து நாளைக்கு வந்தது. உன்னை ஏமாற்றினேன். உன் புத்தகத்தையும் கெடுத்துவிட்டேன்.

இதை எல்லாம் எழுதும்போது அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. யாரோ சொல்ல, எழுதிக்கொடுப்பதுபோல் இருக்கிறது.

தங்கை

அக்டோபர் 7

அடி பைத்தியமே,

உடம்பைப் பார்த்துக்கொள் என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதிக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொள்ள முடியாமல்தான் நீ கிடக்கிறாய் என்று எனக்குத் தோன்றவில்லை. குழந்தைக்கு ஷூ அளவு கேட்டுக்கொண்டிருந்தேன் நான்.

கத்திரி சாரிடம் உள்ளதைச் சொன்னேன். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் சொன்னேன். அவர் உன் வரிகளை எடுத்துக்கொண்டு பக்கத்துப் பள்ளிக்குப் போய் இரண்டாம் வகுப்பு முழுவதற்கும் படித்துக் காட்டிவிட்டு வந்தார். நாற்பது பிள்ளைகள். மூன்றே சொற்களில்தான் முழித்தார்கள். "யார் சொன்னா என்னம்மா, புள்ளைங்களுக்குப் புரியுது" என்றார். நீ எதையும் கெடுக்கவில்லை. 'லீவ்' மட்டும் வேண்டாம் என்று நானே எடுத்துவிட்டேன். அதற்குச் சாதாரணமாக ஒரு வரி எழுதியாயிற்று.

மாப்பிள்ளையிடம் பேசினேன்.  ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே குழந்தை போன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வாளாம். இப்போது கொஞ்ச நாளாக உட்காருவதில்லையாம். இதை உன்னிடம் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை வருகிறேன். டாக்டரிடம் போகிறோம். இதுவும் ஒரு நோய்தான், இதற்கும் மருந்து உண்டு என்று மாப்பிள்ளையே விசாரித்து வைத்திருக்கிறார். நீ எதுவும் செய்ய வேண்டாம். கதவை மட்டும் திற.

அக்கா

நவம்பர் 4

அக்கா,

நீ ஊர் போய்ச் சேர்ந்தது பற்றி மகிழ்ச்சி. மகிழ்ச்சி என்று எழுதுவது வழக்கம், அதனால் எழுதுகிறேன். மாத்திரை மூன்று வாரமாகச் சாப்பிடுகிறேன். தூக்கம் வருகிறது. வாய் காய்கிறது. நீ அடுக்கிவிட்டுப் போன அலமாரி அப்படியே இருக்கிறது.

அச்சுக்கு முந்தைய பிரதி வந்தது. கனமாக இருக்கிறது. இந்த மாதக் கடைசியில் அதை எடுத்துக்கொண்டு அவளைப் பார்க்கப் போகலாம் என்று டாக்டர் சொன்னார். சரி என்றேன். போகிறேனா என்று தெரியாது.

தங்கை

டிசம்பர் 2

அக்காவுக்கு,

இடுப்பு எப்படி இருக்கிறது? நான் பரவாயில்லை. போய்விட்டு வந்தேன்.

பஸ் நிலையத்துக்கு அவர் வந்திருந்தார். பையை வாங்கிக்கொண்டார். மூன்று மாடி ஏறிப் போனால் அவள் கதவுக்குப் பின்னால் நின்றாள். முன்பல் இரண்டும் விழுந்து, புதுப் பல் பாதி வந்திருக்கிறது. பேச்சே இல்லை. நம் ரேடியோ, அக்கா. "வாங்க" என்றாள், வீட்டுக்கு வரும் விருந்தாளியிடம் சொல்வதுபோல். எனக்கு வலித்திருக்க வேண்டும். வலிக்கும் இடம் எது என்று தெரிந்தது, வலி மட்டும் வரவில்லை.

என்ன செய்வதென்று தெரியாமல் பிரதியை எடுத்து மேஜையில் வைத்தேன். கொஞ்ச நேரம் தள்ளியே நின்றாள். பிறகு வந்து முதல் பக்கத்தைப் படித்தாள். "இதுல என் பேரு இருக்கு."

"ஆமா."

"நான் இதெல்லாம் சொல்லவே இல்லையே."

"சிலது நான்தான் சொன்னேன். நீ சொல்ற மாதிரி."

"நான் இப்படியா பேசுவேன்?" என்று கோபமாகக் கேட்டுவிட்டு, பென்சிலைக் கொண்டுவந்து உட்கார்ந்தாள். முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சிலவற்றை ஒன்றும் செய்யவில்லை. 'அஃப்ரெய்ட்' வரியை அடித்தாள். 'ஆங்க்ரி' வந்தது. நான் எழுதியிருந்தது, "கால தரையில தொம்முனு தட்டறது." அவள் நாலு வயதில் செய்தது.

"இப்பல்லாம் நான் தட்டறதில்ல," என்றாள். அதை அடித்துவிட்டு, பக்கத்தில் குண்டு குண்டு எழுத்தில் எழுதினாள்: "போன் அடிச்சுகிட்டே இருக்கும் எடுக்க மாடாங்க அப்ப வரது."

எழுதிவிட்டு என்னைப் பார்த்தாள். அவரும் சமையலறை வாசலில் நின்று பார்த்தார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. நல்ல தாயாக இருந்தால் கட்டிப் பிடித்திருப்பாள். எனக்கு வாயில் வந்தது, "எழுத்துப் பிழை இருக்கு."

"எங்க?"

"இங்க. 'மாட்டாங்க'. நடுவுல ஒரு 'ட்' வரும்."

அவள் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். ரப்பரால் அழித்தாள். சரியாக எழுதினாள். தோள் என் தோளில் பட்டது. நான் நகரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எடுக்க முடியல, அதான் எடுக்கல. உன்மேல கோவம் இல்ல," என்றேன். அவள் தலையை நிமிர்த்தாமல், "இப்ப முடியுமா?" என்று கேட்டாள்.

"தெரியல. ஞாயித்துக்கிழம அடிச்சுப் பாரு."

"எடுக்கலன்னா?"

"அப்ப மறுபடியும் அடி."

 அடுத்த சொல்லுக்குப் போய்விட்டாள். 'டி' எழுத்து வருவதற்குள் பதினேழு திருத்தம். நாத்தனார் சாப்பிடக் கூப்பிட்டாள். குழந்தை புத்தகத்தை மூடாமல், விரலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "இன்னும் எத்தன பக்கம் இருக்கு?" என்றாள்.

"நூத்திப் பத்து."

"அப்ப நாளைக்கும் வேல இருக்கு. நீங்க..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தி, "நீ இங்கயே தூங்கு," என்றாள்.

இரண்டு நாள் என்று போனவள் ஒன்பது நாள் இருந்துவிட்டு வந்தேன். இசட் வரை முடித்துவிட்டோம். திருத்திய பிரதியைத் தனிப் பொட்டலத்தில் அனுப்பியிருக்கிறேன். கத்திரி சாரிடம் சொல், அவள் கை வைத்ததை அவர் வெட்டக் கூடாதாம். அவளுடைய உத்தரவு.

சந்தோஷமாக இருந்ததா என்று கேட்பாய். சரியாகச் சொல்லத் தெரியவில்லை. திரும்பி வந்த அன்று மத்தியானம் சும்மா படுத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை. போன் அடித்தது. ஏழெட்டு முறை அடித்து நின்றுவிட்டது. பிறகு மறுபடியும் அடித்தது. எடுத்தேன்.

அவள் இருபது நிமிஷம் பேசினாள். நான் மூன்று முறை "ம்" சொன்னேன்.

தங்கை